பெயர் சொல்லாத உதாரணம்

2010-ஆம் ஆண்டு மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசகர் வட்டம் நடத்திய வழக்காடு மன்றத்தில் நான் பேசினேன், பேசி வென்றேன். அன்று எழுந்த கைதட்டலைப் போன்ற ஒன்று அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது. அதன் காரணத்தைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. சிதம்பரத்தில் பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுகளுக்காகக் காத்திருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் போட்டிகளுக்குப் போய்வந்தவள். என் தந்தை ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தா. வாதம், எதிர்வாதம், குறுக்கு விசாரணை என்ற சொற்களோடுதான் எங்கள் வீட்டில் காலை உணவே தொடங்கும். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எந்தத் தலைப்பானாலும் இடப்பக்கத்தில் ஆதரவுக் கருத்துகள், வலப்பக்கத்தில் எதிர்ப்புக் கருத்துகள். இரண்டு பக்கங்களும் நிறையும்வரை தூங்கமாட்டேன். ‘எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன்’ என்பதுதான் என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்ட மிகப் பெரிய பெருமை. கேட்பவர்கள் ஒரே ஒரு பக்கத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி பிச்சாவரத்துக்கு அருகே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து வருவாள். காலையில் மினிபஸ் பிடித்து வியர்த்து வந்து இறங்கும்போது, அவள் நகக்கண்களில் பெரும்பாலும் கிரீஸ் இருக்கும். தையல் இயந்திரம், மேசை மின்விசிறி, பள்ளித் தண்ணீர் மோட்டார் என்று எதைக் கண்டாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பள்ளி நூலகத்தில் அட்டை போன ஒரு பழைய சாகச நாவலை எடுத்து, மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தாள். அயல்நாட்டுக் கதை, தமிழில் பெயர்த்தது. அதில் ஓர் இளைஞன் தன் தந்தையின் பட்டறையில் புதிய புதிய இயந்திரங்களைச் செய்வான். அவற்றைத் திருட வருபவர்கள் அவனைத் துரத்துவார்கள். தான் செய்த இயந்திரத்தில் ஏறியே அவன் தப்பிப்பான். மற்றவர்களுக்கு அது கதை. அவளுக்கு அது செய்முறைக் கையேடு.

“இந்த புக்குல ஒரே ஒரு கொறதாண்டி,” என்றாள் ஒருநாள். “அவன் எவ்ளோ மிஷினு செய்யறான், ஒரு தபாவாச்சும் ஒரு நட்டு தொலஞ்சு போவுதா பாரு. நட்டு தொலையாத பட்டற எங்கனா உண்டா?”

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. பிளஸ் டூ முடித்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை விசாரித்து வைத்திருந்தாள். விண்ணப்பம் தயாராக இருந்தது. தந்தையின் கையெழுத்துதான் பாக்கி. அவர் மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. “ஆம்பளப் பசங்க படிக்கிற படிப்பாச்சே” என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் படகோட்டி மீன் பிடிப்பவர்; பேச்சுக் கேட்பதில் பெரும் பிரியம் உடையவர். பொங்கல், தீபாவளி நாள்களில் தொலைக்காட்சிப் பட்டிமன்றம் முடியும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பள்ளி ஆண்டுவிழாவில் என் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் ‘பேச்சுக்காரப் பாப்பா’. ஆகவே அவள் நினைத்தது நியாயம்தான். “நீ சொன்னா எங்கப்பா கேப்பாருடி. நான் சொன்னா டிவி சவுண்ட ஜாஸ்தி பண்ணிடுவாரு.”

இங்கே, அவள் என்னை நம்பிச் சொன்ன ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர்களுடைய ஃபைபர் படகு, கடலும் கழிமுகமும் சேரும் முகத்துவாரத்தில் திடீரென்று நின்றுவிட்டது. அலை உடைகின்ற இடம் அது. அவளுடைய தந்தையும், தாய்மாமனும், இன்னொருவரும் படகில் இருந்தார்கள். பாதிப் படகு தண்ணீரால் நிறைந்து, வலை போய், பின்னால் வந்த படகு கயிறு வீசி இழுத்து வந்ததால் மூவரும் பிழைத்தார்கள். எஞ்சினைப் பார்த்துக்கொள்வது மாமனின் பொறுப்பு. டீசல் குழாயின் கிளிப் தளர்ந்திருந்ததைக் கண்ட தந்தை, மாமனைக் கரையிலேயே வைத்து ஏசிவிட்டார். “நான் முறுக்கித்தான் வெச்சேன்” என்று மாமன் எத்தனை முறை சொன்னாலும் எவரும் நம்பவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மாமன் வேறு படகுக்குப் போனார்.

கிளிப்பைத் தளரவிட்டவள் என் தோழி.

டீசலில் தண்ணீர் கலந்து வந்து எஞ்சின் அடிக்கடி இருமுவதைக் கவனித்த அவள், ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியில் இரண்டு துளையிட்டு இரண்டு குழாய்களைச் செருகினாள். உள்ளே டீசல் கொண்டுவரும் குழாய் நீளம். வெளியே கொண்டுபோகும் குழாய் குட்டை. தண்ணீர் கனமானது, அடியில் தங்கிவிடும். டீசல் மட்டும் மேலே போகும். பெரியவர்கள் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போயிருந்த பகலில், கரையில் கிடந்த படகில் டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே அதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தாள். எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கழற்றி, பழைய குழாயை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தபோது பேச்சுச் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அவசரத்தில் கிளிப்பைக் கடைசி இரண்டு சுற்று முறுக்காமலே இறங்கி ஓடிவிட்டாள். மறுநாள் விடியலில் குழாய்க்குள் காற்றுப் புகுந்து எஞ்சின் நின்றது.

தேர்வுக்கு முந்தைய விடுமுறையில், பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி அழுதாள். “மாமா மூஞ்சிய பாக்க முடியலடி. சொல்லிடணும். ஆனா இப்ப சொன்னா காலேஜு போச்சு. எப்டியாச்சும் நானே சொல்லிடுவேன். நீ யார்கிட்டயும் சொல்லிடாத.” சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஏப்ரலில் கடலூர் வாசகர் வட்டத்தார், கோடை விடுமுறைக்காக ஒரு சிறுவர் நாவலை வைத்து வழக்காடு மன்றம் நடத்த விரும்பினார்கள். என்னைப் பேச அழைத்து, நாவலையும் என்னையே சொல்லச் சொன்னார்கள். கதைமாந்தரைக் கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்ட, ஒருவர் காக்க, நடுவர் தீர்ப்புச் சொல்லும் மன்றம் அது. நான் தோழியின் நாவலைச் சொன்னேன். அவளுடைய மகிழ்ச்சிக்கு அளவில்லை. நான் அந்த நாயகனைக் காத்துப் பேச, அதைத் தந்தை கேட்க, கேட்டு மனமிளகிக் கையெழுத்திட என்று முழுக் காட்சியையும் அவள் மனத்துக்குள் நடத்தி முடித்துவிட்டாள்.

யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எனக்கு வந்தது குற்றம் சாட்டும் பக்கம். ‘சாத்தியமில்லாதவற்றைச் சாத்தியம் என்று காட்டி, இளைஞர்களை வழிகெடுத்தான்’ என்பது குற்றச்சாட்டு. எனக்கு எதிராகப் பேசவிருந்தவர் கடலூரில் கல்லூரியில் படிப்பவர், நல்ல மனிதர். என் முகத்தில் எதையோ கண்டுகொண்டு, “புக்க கொண்டாந்ததே நீங்கதான். நீங்களே காப்பாத்துங்களேன். மாத்திக்கலாங்களா?” என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். எல்லாம் சரியாகப் போயிருக்கும். நானோ, கிடைத்த பக்கத்தைப் பேசுவதுதான் பேச்சாளருக்கு அழகு என்று பதில் சொன்னேன். “சரிங்க வக்கீலம்மா” என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே தோழி தொலைபேசியில் கேட்டாள். பக்கத்தைச் சொன்னேன்.

“அப்ப எங்கப்பாவ கூட்டியாரவா, வேணாவா?”

கூட்டி வரச் சொன்னேன். இத்தகைய மன்றங்களில் கடைசியில் நடுவர் நாயகனை விடுதலை செய்வதுதான் வழக்கம் என்றும், அந்தத் தீர்ப்பைத்தான் அவள் தந்தை நினைவில் வைப்பார் என்றும் விளக்கினேன்.

“அப்ப நீ தோத்துடுவியா?”

பார்ப்போம் என்றேன்.

“தோத்துடுடி. ஒரே ஒரு தபா. ஒரு தபா தோத்தா உனக்கு இன்னா ஆயிடப் போவுது?”

நான் சிரித்துப் பேச்சை மாற்றினேன். தோற்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மன்றம் நடந்த நாளன்று கத்திரி வெயில். மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஒலிபெருக்கிக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. மின்விசிறிகள் நின்றுவிட, ஆளுக்கு ஓர் அழைப்பிதழை விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் தோழியும் அவள் தந்தையும். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்திக் காட்டினார்.

முதல் சுற்றில் நான் சுமாராகத்தான் பேசினேன். நாவலின் நாயகனுக்குப் பட்டறையும் கருவிகளும் தந்தை வழியாக வந்தவை. அவன் சாதனை வசதியான வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு. அதை நம்பி ஏழைப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள் என்று அடுக்கினேன். பேச்சு முறையாக இருந்தது, ஆனால் அரங்கம் அசையவில்லை. எதிர்ப்பக்கத்து நண்பர் எழுந்தார். குமராட்சிப் பக்கத்தில் கொள்ளிடம் பெருகிய ஓர் ஆண்டில், பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டித் தெப்பமாக்கி, நாற்றுக் கட்டுகளை மறுகரைக்குக் கொண்டுசேர்த்த ஒரு விவசாயியைப் பற்றிச் சொன்னார். “அந்த விவசாயி இந்த நாவலைப் படித்ததில்லை, ஆனால் இந்த நாயகன் அந்த விவசாயியின் தம்பி!” என்று முடித்தார். கூட்டம் கொண்டாடியது. தோழியின் தந்தை எழுந்து நின்றே கைதட்டினார். தோழி என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கட்டைவிரலை உயர்த்தினாள். நீ தோற்கிறாய், நன்றி என்று அதற்குப் பொருள்.

அந்தக் கட்டைவிரல்தான் என்னைச் சுட்டது. மேடையேறிப் பழகியவர்களுக்குத் தெரியும்: உள்ளூர் உதாரணத்தை உள்ளூர் உதாரணத்தால்தான் வெல்ல முடியும். மறுப்புரைக்கு எனக்கு ஐந்து நிமிடங்கள் இருந்தன. என் நோட்டுப் புத்தகத்தில் உள்ளூர் உதாரணம் எதுவும் இல்லை. என் நினைவில் ஒன்று இருந்தது. பெயரைச் சொல்லமாட்டேன், ஊரைச் சொல்லமாட்டேன், ஆகவே சத்தியத்தை மீறியதாகாது என்று ஒரு நொடியில் எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

“நடுவர் அவர்களே! நண்பர் குமராட்சிப் பீப்பாயைக் காட்டினார். நான் ஓர் ஊறுகாய்ப் பாட்டிலைக் காட்டுகிறேன்!”

அந்தச் சொல்லிலேயே சிரிப்பு எழுந்தது. சிரிப்பு எழுந்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. நம் மாவட்டத்துக் கடற்கரையில், இந்த நாவலைப் பாடப் புத்தகம்போல் படித்த ஒரு பிள்ளை, படகு எஞ்சினுக்குள் ஊறுகாய்ப் பாட்டிலைச் செருகியது என்றேன். பாட்டில் டீசலைக் குடித்தது, எஞ்சின் ஏப்பம் விட்டது, முகத்துவாரத்தில் படகு நின்றது என்றேன். கிளிப் என்று சொன்னால் யார் சிரிப்பார்கள்? பாட்டில் என்றால்தானே சிரிப்பு வரும்? ஆகவே உண்மையில் படகை நிறுத்தியது தளர்ந்த ஒரு கிளிப்தான் என்பதை விட்டுவிட்டேன். கரையிலேயே அவள் கழற்றிவிட்ட பாட்டிலை, சிரிப்புக்காகக் கடல்வரை கொண்டுபோய் எஞ்சினில் மாட்டினேன். அறிந்தே செய்தேன்.

“நாவலில் படகு நின்றால் அடுத்த அத்தியாயம் உண்டு. முகத்துவாரத்தில் படகு நின்றால் அடுத்த அத்தியாயம் இல்லை! பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? எஞ்சினை ஒழுங்காக வைத்திருந்த ஒரு தாய்மாமன்மேல்! அந்த மாமன் இன்றும் தலைகுனிந்து நடக்கிறான்; நாவல் படித்த பிள்ளையோ வாய் திறக்கவில்லை!”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. அது ஓய்வதற்காகக் காத்திருந்தபோதுதான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். தோழி என்னைப் பார்க்கவில்லை. தன் தந்தையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சிரிப்புக்குத் தட்டத் தொடங்கிய அந்தக் கைகள் நடுவில் நின்று, ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் கிடந்தன.

நாயகன் குற்றவாளி என்று நடுவர் தீர்ப்பளித்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் கலைந்தபோது தோழியின் தந்தை மேடையோரம் வந்தார். குரலில் கோபமே இல்லை.

“நல்லா பேசுனம்மா. நிஜமாலுமே நல்லா பேசுன.” பிறகு கேட்டார். “ஊறுகா பாட்டிலுன்னியே, அது நார்த்தங்கா ஊறுகாவா? எங்கூட்ல ஒரு பாட்டில் ரொம்ப நாளா காணும்னு தேடினுகிறாங்க.”

ஆறு ஆண்டுகளாகப் பேசிப் பழகிய நாக்கு எனக்கு. ‘இல்லை’ என்றோ, ‘அது வேறு ஊர்’ என்றோ ஒரு சொல் அதில் எழவில்லை. எனக்குப் பதிலாக அவள்தான் பேசினாள்.

“ஆமாம்ப்பா. நம்மூட்டு பாட்டில்தான்.”

அவர் தலையசைத்தார். “சரி, வா. பஸ்ஸு போயிடும்” என்று முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை நான் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். என் தவற்றைப் பேச்சால் செய்தேன், பேச்சாலேயே நிமிர்த்திவிடலாம் என்ற துணிச்சல் அப்போதும் எனக்கு இருந்தது. வழியெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டே போனேன்.

கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவள் தந்தை. மற்றவர் அந்தத் தாய்மாமன். சற்றுத் தள்ளி, படகு நிழலில் தோழி நின்றிருந்தாள். ஞாயிறு மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தந்தை நேராக மாமன் வீட்டுக்குப் போய், வாசலிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என்னை முன்பின் பார்த்திராத மாமன், யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“நீதானா அது? எனக்கு வக்கீலே நீதான் பாப்பா! மூணு மாசமா நான் முறுக்குனேன் முறுக்குனேன்னு கத்தறேன், ஒருத்தன் நம்பல. நீ மைக்குல ஒரு தபா சொன்ன, எனக்கு விடுதல! உக்காரு, டீ வாங்கியாரச் சொல்றேன்.”

அந்த நன்றியைப் பெற்றுக்கொள்ளவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் நின்றேன்.

“எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்,” என்றார் தந்தை. “பேசு, கேப்போம்.”

பேசினேன். பெண்கள் பொறியியல் படிப்பதன் அவசியத்தைச் சொன்னேன். அவள் கைத்திறனைச் சொன்னேன். தவறு செய்தவர்களுக்குத்தான் கல்வி முதலில் தேவை என்றேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். வலையூசியைக் கீழே வைத்துவிட்டு, பட்டிமன்றம் கேட்பவரைப் போல ரசித்துத் தலையசைத்தபடி கேட்டார். நான் முடித்ததும் கேட்டார்:

“இதுவும் நல்லாத்தான்கீது. அன்னிக்கி அத பேசுன, அதுவும் நல்லாருந்துச்சு. இன்னிக்கி இத பேசற. இதுல உன் பேச்சு எதும்மா?”

இதுதான் என்றேன்.

“அப்ப அன்னிக்கி பேசுனது?”

நான் கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்தேன்.

மாமன் குறுக்கிட்டார். “வுடு மாமா. கொயந்த அறியாம செஞ்சுச்சு. எனக்கே கோவம் இல்ல, உனக்கு இன்னா? கையெழுத்த போடு.”

“கோவம் இல்ல மச்சான். எஞ்சின் நின்னதும் பெருசு இல்ல. நிக்காத எஞ்சின் எங்ககீது?” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “நாளைக்கி இவ மிஷினு படிச்சு வேலைக்குப் போவா. இவ முறுக்குன நட்ட நம்பி எவனோ ஒருத்தன் கடலுக்குப் போவான். தப்பாப் போச்சுன்னா, தப்புன்னு சொல்லணும். மூணு மாசம் இவ மாமன் சோறு எறங்காம கெடந்தான். பாத்துக்கினுதான இருந்தா? படிக்க வேணாம்னு சொல்லல. பி.ஏ. படிக்கட்டும். மிஷினு வேணாம்.”

அவள் சொல்லத்தான் இருந்தாள் என்று சொன்னேன். அவர் ஊசியை எடுத்துக்கொண்டார். “சொல்லியிருக்கணும். அவ வாயால கேட்டிருந்தா வேற. உன் வாயால கேட்டுட்டனே.”

பஸ் நிறுத்தம்வரை தோழி உடன் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைக்கூட நன்றாக உச்சரித்தேனோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அன்னிக்கி நீ தோத்திருந்தா, திரும்பி வரும்போது பஸ்லயே அப்பாகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். நேத்து ராவே எப்டி சொல்றதுன்னு எழுதிக்கூடப் பாத்தேன்” என்றாள். அந்த ‘நேற்று’ மன்றத்துக்கு முந்தைய நாள். அவளுக்கு அந்த வாரம் இன்னும் நகரவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது, அதுவரை அடக்கி வைத்திருந்த ஒன்றைக் கேட்டாள்.

“சொன்னதுதான் சொன்ன, கிளிப்புன்னு சொல்லியிருக்கலாம்ல? பாட்டிலுன்னு ஏன்டி சொன்ன? பாட்டில் வேல செஞ்சுதுடி. உனக்குத் தெரியும்ல?”

தெரியும் என்று தலையசைத்தேன்.

அவள் இப்போது சிதம்பரத்தில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். நான் வேறு கல்லூரி. கீழ வீதியில் பார்த்துக்கொண்டால் நின்று பேசுவோம். தேர்வு, பஸ், வெயில் என்று பேச நிறைய இருக்கிறது. எஞ்சினைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அந்தத் தாய்மாமன் ஒருமுறை என்னை மார்க்கெட்டில் கண்டு நலம் விசாரித்தார். எஞ்சின் மக்கர் செய்தால் முன்பெல்லாம் அவள் கூப்பிடாமலே ஓடிவருவாளாம். இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லையாம். டீசலில் இன்னமும் தண்ணீர் வருகிறதாம்.

அந்த ஆண்டின் இறுதியில் கடலூர் வாசகர் வட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மறுப்புரையில் ஒரு செய்தியை அறிந்தே திரித்துச் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிடம் கொடுத்தால் திருத்திக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தேன். அன்பான பதில் வந்தது. அது வெறும் விளையாட்டு வழக்குதானே, இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த கோடைக்கும் அவசியம் பேச வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் போகவில்லை. பொய் சொல்ல ஒலிபெருக்கி கொடுத்தவர்கள், திருத்தம் சொல்லக் கொடுக்கவில்லை என்று அவர்கள்மேல் கோபப்பட்டேன். பிறகு, கொடுத்திருந்தால் அந்தத் திருத்தத்தையும் கைதட்டல் வரும்படி பேசியிருப்பேனோ என்று என்மேலேயே பயம் வந்தது.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். இம்முறை முன்கூட்டியே கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். “பேரு சொன்னாலும் பரவால்ல, விஷயத்த சரியா எழுது” என்றாள். பெயரை விட்டுவிட்டேன், விஷயத்தை, அவள் சொன்னபடியே, நீளக் குழாய் எது குட்டைக் குழாய் எது என்பதுவரை எழுதியிருக்கிறேன். அன்று அந்த அரங்கில் விசிறிக்கொண்டு சிரித்தவர்களில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், எஞ்சினை நிறுத்தியது அவள் செய்த கருவி அல்ல என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் நான் கெடுத்ததை இரண்டு ஆண்டுகள் கழித்து இப்படி ஒவ்வொருவராகத்தான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது, அவள் தந்தை அவள்மேல் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் இன்னும் திரும்பப் பெற முடியவில்லை.